புகைபோக்கியில் போகும் வெப்பம்

1939ஆம் ஆண்டு ஜூலை மாதம். சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில், குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டிய ஒரு கூடத்துக்குள் புதிய இயந்திரம் ஒன்றை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார் டர்பைன் துறைப் பேராசிரியர் ஔரேல் ஸ்டோடொலா. அப்போது அவருக்கு வயது 80. பிரௌன் போவெரி நிறுவனம் செய்திருந்த அந்த இயந்திரம்தான், ஊருக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்றே நிறுவப்பட்ட முதல் கேஸ் டர்பைன், அதாவது எரிந்த வாயு பாய்ந்து சுழற்றும் இயந்திரம். அன்று பதிவான எண்களை இப்போது படித்தாலும் திகைப்பாக இருக்கிறது. டர்பைன் உண்டாக்கிய திறன் 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை, அதோடு பூட்டியிருந்த, காற்றை அமுக்கும் கம்ப்ரசரே எடுத்துக்கொண்டது. ஊருக்கென்று மிஞ்சியது 4,000 கிலோவாட். எரித்த எண்ணெயில் இருந்த ஆற்றலில் 17.4 சதவீதம்தான் மின்சாரமாயிற்று. மற்றதெல்லாம் வெப்பமாகவே வெளியே போய்விட்டது.

2018இல் ஜப்பானின் நிஷி நகோயா மின்நிலையத்தின் முதல் அலகு செயல்திறனில் 63.08 சதவீதத்தை எட்டிக் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான். நடுவில் இருப்பது ஏறத்தாழ எண்பது ஆண்டு உழைப்பு.

எரிவாயு மின்நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். “நிலக்கரியைவிட எரிவாயு சுத்தமானது” என்ற ஒற்றை வரியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு சுத்தம் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். அதே எரிவாயுவை எரித்து, அதே ஒரு யூனிட் மின்சாரத்தைத் தர, ஒரு நிலையம் இன்னொன்றைப்போல ஒன்றே முக்கால் மடங்கு கார்பன் டை ஆக்சைடை வெளியிடக்கூடும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை, பொறியியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

விதைநெல் கணக்கு

கேஸ் டர்பைனில் முக்கியமான பகுதிகள் மூன்று. முன்னால் கம்ப்ரசர். அது வெளிக்காற்றை இழுத்து, வரிசை வரிசையாகச் சுழலும் பிளேடுகளால் அமுக்குகிறது. நடுவில் எரியறை. அமுங்கிய காற்றில் எரிவாயு கலந்து எரிகிறது. பின்னால் டர்பைன். கொதிக்கும் வாயு விரிந்து பாய்ந்து டர்பைன் பிளேடுகளைத் தள்ள, தண்டு சுழல்கிறது. தண்டின் ஒரு முனையில் ஜெனரேட்டர்.

இதில் காற்றின் அளவுதான் முதலில் மலைக்க வைக்கும். இன்றைய பெரிய இயந்திரம் ஒன்று நொடிக்கு 700 கிலோவுக்கும் மேலான காற்றை உள்ளிழுக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பதினேழு அறைகளில் இருக்கும் காற்று மொத்தமும் ஒவ்வொரு நொடியும் உள்ளே போகிறது.

ஏன் அமுக்க வேண்டும்? சாதாரணக் காற்றில் நெருப்பு வைத்தால் அது சூடாகி, உப்பி, மேலே போய்விடும். எதையும் தள்ளாது. முதலில் அமுக்கி, பிறகு சூடாக்கினால், அழுத்தம் குறைந்த பக்கத்தை நோக்கிப் பாயும்போது வழியில் உள்ளதைத் தள்ளிக்கொண்டு போகும். குளிர்ந்த காற்றை அமுக்கச் செலவாகும் வேலை குறைவு. அதே காற்று சூடான பிறகு விரியும்போது தரும் வேலை அதிகம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

டெல்டாவில் பிறந்த எனக்கு இதை நெல் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கிறது. கம்ப்ரசர் எடுத்துக்கொள்வது விதைநெல். டர்பைன் தருவது விளைச்சல். நியூஷாடெலில் பதினைந்து மூட்டை விளைந்ததில் பதினொரு மூட்டைக்கு மேல் விதைக்கே போயிற்று. இன்றைய நல்ல இயந்திரத்திலும் பாதியளவு விதைக்குப் போகிறது. அப்படியென்றால் மின்நிலையத்தை மேம்படுத்த வழிகள் மூன்று. விதைச்செலவைக் குறைக்கலாம். விளைச்சலைக் கூட்டலாம். அறுத்த பிறகு வயலில் கிடக்கும் வைக்கோலை வீணாக்காமல் பயன்படுத்தலாம். மூன்றிலும் பெரிய பலன் தந்தது வைக்கோல்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வைக்கோலில் கிடைத்த மின்சாரம்

டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் வாயு, வேலை முடித்த வாயுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் வெப்பம் 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதை அப்படியே புகைபோக்கி வழியாக வானத்துக்கு விட்டால் அது திறந்த சுற்று நிலையம். சென்னை பேசின் பிரிட்ஜில் தலா 30 மெகாவாட் கொண்ட நான்கு டர்பைன்கள் அப்படி அமைக்கப்பட்டவை. மாலை நேரத் தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் ஓட்டுவதற்கு இந்த அமைப்பு போதும். சீக்கிரம் கிளப்பலாம், சீக்கிரம் நிறுத்தலாம். நாள் முழுவதும் ஓட்டுவதென்றால் மனம் ஒப்பாது. எரிக்கும் ஆற்றலில் அறுபது சதவீதத்துக்கு மேல் காற்றோடு போய்விடும்.

1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ ஒரு சிறிய நூல் எழுதினார். நீர் உயரத்திலிருந்து விழும்போது சக்கரத்தைச் சுழற்றுவதைப்போல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது என்று அதில் ஒப்பிட்டார். இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலன். மேட்டூர் அணையில் நாம் செய்திருப்பது இதற்குச் சரியான உவமை. அணையடியில் உள்ள மின்நிலையத்தில் காவிரி நீர் ஒரு முறை சுழலியைச் சுழற்றுகிறது. அதோடு விட்டுவிடவில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கீழே அடுத்தடுத்துக் கதவணைகள் கட்டி, அதே நீரை மறுபடி மறுபடி இறக்கி மின்சாரம் எடுக்கிறோம். கேஸ் டர்பைனிலிருந்து 600 டிகிரியில் வெளியேறும் வாயுவும் மேட்டூரைத் தாண்டிய காவிரி மாதிரிதான். இறங்குவதற்கு அதற்கு இன்னும் நிறைய உயரம் பாக்கியிருக்கிறது.

அந்த வாயுவை ஒரு கொதிகலன் வழியாகச் செலுத்தி, நீராவி உண்டாக்கி, அதைக்கொண்டு இரண்டாவதாக ஒரு நீராவி டர்பைனைச் சுழற்றினால் அது கூட்டுச் சுழற்சி நிலையம். திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பாலில் தமிழ்நாடு மின்வாரியம் அமைத்த நிலையம் இந்த வகை. அதன் திறன் ஏறத்தாழ 108 மெகாவாட். கேஸ் டர்பைன் 70 மெகாவாட், நீராவி டர்பைன் 38 மெகாவாட். இந்த 38 மெகாவாட்டுக்கென்று தனியாக எதையும் எரிக்கத் தேவையில்லை என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். திறந்த சுற்றில் இருந்திருந்தால் அந்த ஊர் வானத்தில் கரைந்திருக்கும் வெப்பம் அது.

இந்தக் கொதிகலனுக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. குக்கரில் அழுத்தம் கூடும்போது நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது. 100 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ நூறு மடங்கில், நீர் 311 டிகிரியில்தான் கொதிக்கும். ஒரே ஓர் உயரழுத்த நீராவிச் சுற்று மட்டும் வைத்தால், வாயு 311 டிகிரியை நெருங்கியதும் அந்த நீரைக் கொதிக்க வைக்கும் சக்தியை இழந்துவிடும். உள்ளே வரும் குளிர்ந்த நீரைச் சூடாக்கி அதில் கொஞ்சத்தை மீட்கலாம். ஆனாலும் நிறைய மிஞ்சும். அதனால் அதே வாயுவின் பாதையில், கொஞ்சம் தள்ளி, குறைந்த அழுத்தத்தில் இன்னொரு சுற்று வைக்கிறார்கள். 5 பார் அழுத்தத்தில் 152 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். பெரிய நிலையங்களில் இப்படி மூன்று அழுத்தங்கள் இருக்கும். கதவணைக்குக் கீழே கதவணை என்று கட்டியதைப்போலத்தான். கடைசியில் புகைபோக்கியை அடையும் வாயு 80, 100 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

நூறு பங்கு ஆற்றலுள்ள எரிவாயு உள்ளே போனால், நல்ல கேஸ் டர்பைன் அதில் ஏறத்தாழ 38 பங்கை மின்சாரமாக்கும். வெளியேறும் வெப்பத்திலிருந்து நீராவிப் பகுதி இன்னும் 22 பங்கு எடுக்கும். மொத்தம் 60. இதற்கு ஒரு விலையும் உண்டு. கொதிகலனின் தடித்த உலோகத்தை அவசரமாகச் சூடாக்கினால் விரிசல் விடும். ஆகவே கூட்டுச் சுழற்சி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து முழுச் சுமைக்கு, அதாவது முழு உற்பத்திக்கு, கொண்டுவர மணிக்கணக்கில் பொறுமை வேண்டும்.

உருகும் வெப்பத்தில் உருகாத பிளேடு

இனி விளைச்சல். எரியறையிலிருந்து டர்பைனுக்குள் நுழையும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேலை கிடைக்கும். நியூஷாடெலில் அது 550 டிகிரியை ஒட்டி இருந்தது. இன்றைய முன்னணி இயந்திரங்களில் 1,600 டிகிரி. முதல் வரிசை பிளேடுகளை வார்க்கும் நிக்கல் உலோகக் கலவையோ 1,350 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். அப்படியென்றால் தன்னை உருக்கக்கூடிய நெருப்பாற்றின் நடுவே அந்த பிளேடு ஆண்டுக்கணக்கில் நின்று உழைக்கிறது.

இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஓவர்ஹால் சமயத்தில் கழற்றிவைத்த முதல் வரிசை பிளேடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மீனின் உடல் போன்ற வளைவு. பார்வைக்குக் கெட்டி உலோகம், ஆனால் உள்ளே குகைபோல் பாதைகள். முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் தையல் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகத் துளைகள். மேலே வெளிறிய நிறத்தில் ஒரு பூச்சு. ஒரு மூலையில் அந்தப் பூச்சு பழைய சுவரின் சுண்ணாம்புபோல் உதிர்ந்து, அடியில் உலோகம் கருத்திருந்தது. அந்த நகக்கண் அளவு இடத்தைக் காட்டி, “இங்கேதான் ஆரம்பிக்கும்” என்றார் மூத்த ஃபோர்மேன்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றைப் பிரித்து, பிளேடின் உட்புறம் செலுத்துகிறார்கள். அது துளைகள் வழியே கசிந்து, பிளேடின் மேல் ஒரு போர்வைபோல் படர்கிறது. நெருப்பு உலோகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. அந்தக் குளிர்விக்கும் காற்றே 400 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பது வேறு விஷயம். இங்கே எல்லாமே ஒப்பீட்டில்தான் குளிர். வெளிறிய பூச்சு சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் உலோகம் உணரும் வெப்பத்தை நூறு டிகிரி அளவுக்கு இறக்கிவிடும்.

வெப்பம் மட்டுமா? டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல்கிறது. மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஒவ்வொரு கிலோவும் பத்து டன் எடைபோல் வெளிநோக்கி இழுக்கும். சாதாரண உலோகம் சர்க்கரைக் கட்டி மாதிரி, எண்ணற்ற குருணைகள் ஒட்டிய ஒன்று. இந்த வெப்பத்திலும் இழுவையிலும் குருணைகளின் எல்லைகள் மெல்ல வழுக்கி, பிளேடு நீண்டுகொண்டே போகும். அதனால் உருகிய உலோகத்தை அடியிலிருந்து அணு அணுவாக ஆறவிட்டு, முழு பிளேடையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். ஒற்றைக் கற்கண்டுக் கல்லைப்போல. வழுக்குவதற்கு எல்லையே இல்லை. மனிதர் செய்த பொருள்களில் இதற்கு இணையாக வியக்கத்தக்கவை மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

ஆனால் குளிர்விக்கப் பிரித்தெடுக்கும் காற்றும் விதைநெல் போட்டு அமுக்கிய காற்றுதான். அதை அதிகம் எடுத்தால் விளைச்சல் குறையும். நல்ல பூச்சும் நல்ல உலோகமும் செயல்திறனைக் கூட்டுவது இதனால்தான். குறைந்த காற்றைச் செலவழித்து அதிக வெப்பத்தைத் தாங்க அவை உதவுகின்றன.

நெருப்பு சூடேறினால் நைட்ரஜனும் எரியும்

இதுவரை சொன்னதில் செயல்திறனும் சுத்தமும் கைகோத்தே போயின. குறைவாக எரித்தால் குறைவான புகை. இங்கேதான் பாதை பிரிகிறது. இத்துறையின் உண்மையான சிக்கல் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதிலும் சேராமல் சும்மா இருக்கும். நெருப்பின் வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டி ஏற ஏற, அந்த இறுகிய பிணைப்பு உடைந்து ஆக்சிஜனோடு சேர்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. வெப்பம் கொஞ்சம் கூடினால் இவை கொஞ்சம் கூடுவதில்லை, மளமளவென்று பெருகுகின்றன. வெளியே போனபின் வெயிலில் வேதிவினை புரிந்து தரைமட்ட ஓசோனாக, பனிப்புகையாக, அமில மழையாக மாறுகின்றன. மூச்சுத்திணறல் உள்ளவர்களை இவை வாட்டும். ஆக, செயல்திறனுக்காக வெப்பத்தை ஏற்றினால் நுரையீரலுக்குக் கேடு. நுரையீரலைக் காக்க வெப்பத்தை இறக்கினால் எரிபொருள் அதிகம் செலவாகி, கார்பன் கூடும்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது ஒரு கூர்மையான கவனிப்பு. டர்பைனுக்கு வேண்டியது வாயுவின் சராசரி வெப்பம். நைட்ரஜனை எரிப்பதோ நெருப்பின் மிகச் சூடான புள்ளிகள். அரிக்கேன் விளக்கின் தீயைப் பாருங்கள். எண்ணெய் ஆவி ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் சுடர். பழைய எரியறைகளும் இப்படித்தான் எரித்தன. சராசரி வெப்பம் 1,200 டிகிரிதான் என்றாலும், அந்த விளிம்பில் 2,000 டிகிரியைத் தாண்டும். நடுவில் கருகி ஓரத்தில் வேகாத தோசை மாதிரி.

தீர்வு, எரிவதற்கு முன்பே எரிவாயுவையும் காற்றையும் சீராகக் கலந்துவிடுவது. அதுவும் எரியத் தேவையானதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றோடு. அப்போது சுடர் எங்கும் ஒரே வெப்பத்தில், ஒப்பீட்டில் குளிர்ச்சியாக எரியும். உச்சிப் புள்ளிகளே இருக்காது. இந்த மாற்றத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு, புகையில் பத்து லட்சத்தில் 200 பங்கு என்ற மட்டத்திலிருந்து 25க்கும், சில இயந்திரங்களில் 9க்கும் இறங்கியது. இதற்கு முன்பு எரியறைக்குள் தண்ணீரையோ நீராவியையோ தெளித்துச் சுடரைத் தணித்தார்கள். அது வேலை செய்யும். ஆனால் எரிக்கும் எரிவாயுவின் எடைக்கு ஈடாக, உப்பு நீக்கிய தூய நீரை ஓயாமல் கொட்ட வேண்டும். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, செயல்திறனும் குறையும்.

அளவுக்கு மீறிய காற்றில் எரியும் சுடருக்கு ஒரு குறை உண்டு. அணைந்துவிடும் விளிம்பில் அது நிற்கிறது. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஓசையைப்போல, எரியறைக்குள் அழுத்தம் ஏறி இறங்கி ஒரு முனகல் எழும். கவனிக்காவிட்டால் அந்த அதிர்வே எரியறையின் தகட்டில் விரிசல் விழச் செய்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் அந்த அதிர்வின் அளவையும் புகையின் அளவையும் ஒருசேரப் பார்த்து, எரிவாயுவைப் பாய்ச்சும் முனையான ஒவ்வொரு எரியூசிக்கும் போகும் அளவைச் சரிசெய்வார்கள். பருவம் மாறும்போது இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். குளிர்கால விடியற்காலைக் காற்றும் சித்திரை மதியக் காற்றும் ஒன்றல்லவே.

சுமை குறையும்போதும் தொல்லை. டர்பைனைப் பாதிச் சுமைக்கும் கீழே இறக்கினால் கலவை மேலும் மெலிந்து, சுடர் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடும். அல்லது சுடரைக் காப்பாற்றப் பழைய விளிம்புச் சுடருக்கு மாற வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகும் இக்காலத்தில் எரிவாயு நிலையங்களை ஏற்றி இறக்கி ஓட்டத்தான் நேர்கிறது. முழுச் சுமையில் எடுத்த அளவை மட்டும் காட்டி ஒரு நிலையத்தைச் சுத்தம் என்று சொல்வது போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எத்தனை மணி நேரம் எந்தச் சுமையில் ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மிஞ்சுவதைப் பிடிக்க, கொதிகலனுக்குள்ளேயே ஒரு வினையூக்கி அடுக்கை வைத்து அமோனியாவைத் தெளிக்கலாம். 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில் அமோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். பத்தில் ஒன்பது பங்கை இப்படி நீக்க முடியும். அமோனியாவை அளந்து விட வேண்டும், அவ்வளவுதான். கூடினால் அதுவே புகைபோக்கி வழியாக வெளியேறும்.

வெட்டிவேர் தட்டியும் கருப்புத் தண்ணீரும்

விதைச்செலவுக்கு வருவோம். டர்பைன்களின் திறனை 15 டிகிரி காற்றை வைத்துத்தான் அறிவிப்பார்கள். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதை அமுக்குவதும் கடினம். ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி 0.5 முதல் 0.9 சதவீதம் வரை குறையும். 25 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் எட்டில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை போய்விடும். ஊரெல்லாம் ஏசி ஓடும் நேரம் பார்த்து டர்பைன் தளர்ந்து போகிறது.

இதற்கு நம் தாத்தாக்கள் அறிந்த வழியே முதல் வழி. சன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டி நீர் தெளித்து, அதன் வழியே வரும் காற்றைக் குளிரச் செய்வார்கள். கம்ப்ரசரின் முகப்பிலும் ஈரமான அட்டைகள் வழியாகக் காற்றை விடுகிறார்கள், அல்லது மெல்லிய பனித்துளியாக நீரைத் தூவுகிறார்கள். வறண்ட உள்நாட்டில் இது அருமையாக வேலை செய்யும். கடலோரத்தின் புழுக்கத்தில் பலன் குறைவு. அங்கே குளிர்விக்கும் இயந்திரமே வைக்க வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வழி உற்பத்தியைக் கூட்டுகிற அளவுக்கு, கூட்டுச் சுழற்சி நிலையத்தின் எரிபொருள் சிக்கனத்தைக் கூட்டுவதில்லை.

சிக்கனத்துக்கு எளிய வழி கழுவுதல். வடிகட்டிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோ காற்று போகும் இடத்தில் நுண்தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் பிளேடுகளில் படியத்தான் செய்யும். பிளேடின் வளைவை மில்லிமீட்டரின் பின்னம் அளவுக்குச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதன்மேல் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் படிந்தாலே காற்றோட்டம் கலைந்துவிடும்.

அறுவடை முடிந்து வைக்கோல் தூசி பறக்கும் பருவத்தில் நாங்கள் ஒரு முறை இயந்திரத்தை நிறுத்தினோம். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மெதுவான வேகத்தில் சுழலவிட்டு, கழுவும் திரவத்தையும் தூய நீரையும் தெளித்தோம். ஊற வைத்தோம். பிறகு அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தபோது வந்த நீர் பழைய என்ஜின் ஆயில்போல் கருப்பு. இரண்டாம் அலசலில் கடுங்காப்பி நிறம். மூன்றாவதில் வெளிறிய தேநீர். ஐந்தாவது அலசலில்தான் வாளியின் அடி தெரிந்தது. உதவிப் பொறியாளர் ஒவ்வொரு அலசலிலும் ஒரு பாட்டில் எடுத்து வரிசையாகச் சுவரோரம் வைத்திருந்தார். மறுநாள் முழுச் சுமைக்கு ஏற்றியபோது, முன்பு எட்டாத இரண்டு மெகாவாட் மறுபடி எட்டியது. ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் எரிவாயுவும் குறைந்திருந்தது.

ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு

மின்நிலையங்களில் செயல்திறனைப் பெரும்பாலும் சதவீதத்தில் பேச மாட்டார்கள். ஹீட் ரேட் என்பார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோகலோரி எரிந்தது என்ற கணக்கு. எதுவுமே வீணாகாத கற்பனை நிலையத்தில் அது 860. செயல்திறன் 60 சதவீதம் என்றால் 1,433. திறந்த சுற்றில் 35 சதவீதம் என்றால் 2,457. எண் குறையக் குறைய நல்லது.

இதைக் கார்பனாக மாற்றுவதும் எளிது. ஒரு கிகாஜூல் (ஏறத்தாழ 278 யூனிட்) ஆற்றலுள்ள எரிவாயு எரிந்தால் சுமார் 56 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 35 சதவீத நிலையத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு 577 கிலோ. 60 சதவீத நிலையத்தில் 337 கிலோ. நிலக்கரி நிலையங்களில் இது பெரும்பாலும் 800 முதல் 1,000 கிலோ வரை. எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் இருப்பதும், கூட்டுச் சுழற்சியின் சிக்கனமும் சேர்ந்துதான் இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

100 மெகாவாட் நிலையம் ஒன்று ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது, செயல்திறனை 45 சதவீதத்திலிருந்து 46க்கு உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சதவீதப் புள்ளி. மிச்சமாகும் ஆற்றலை வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் சொன்னால், ஆண்டுக்கு இரண்டு லட்சம் சிலிண்டருக்கு மேல். வெளியேறாமல் தடுக்கப்படும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 7,800 டன். எரிவாயு கிடைக்காமல் இந்தியாவில் பல எரிவாயு நிலையங்கள் பெரும்பகுதி நேரம் முடங்கிக் கிடக்கின்றன. கிடைக்கும் கொஞ்சத்தை வைத்து எவ்வளவு எடுக்கிறோம் என்பது இங்கே கூடுதல் பொருளுடையது.

ஹைட்ரஜனைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். எரிந்தால் கார்பன் வராது என்பது உண்மை. ஆனால் கன அளவில் 30 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் கார்பன் 30 சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரஜன் மிக இலேசானது. அந்தக் கலவையில் அதன் ஆற்றல் பங்கு 11 சதவீதம்தான், கார்பன் குறைவதும் அவ்வளவே. தவிர, அதன் சுடர் மிக வேகமாகப் பரவும். முன்கலவைக் குழாய்க்குள்ளேயே தீ பின்வாங்கிவிடாமல் இருக்க எரியூசிகளைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். புகையிலிருந்து கார்பனைப் பிரித்துப் புதைக்கும் வழியும் உண்டு. கேஸ் டர்பைன் புகையில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் அளவே இருப்பதால், அதைத் தேடிப் பிடிக்கவே கணிசமான ஆற்றல் செலவாகும்.

இந்தக் கணக்கெல்லாம் எரிந்த எரிவாயுவைப் பற்றியது. எரியாமல் கசிவதைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. கிணற்றிலிருந்து எரியறை வரை வரும் வழியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கசிந்தாலே, நிலக்கரியைவிட நல்லது என்ற பெருமை ஆட்டம் காணத் தொடங்கும்.

ஒரு ஆய்வுக் குழுவோடு அகச்சிவப்புக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எரிவாயுக் குழாய்களின் ஓரமாக நடந்தது நினைவிருக்கிறது. வெறும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. வாசனையும் இல்லை. கேமராத் திரையில் மட்டும், ஒரு வால்வுக்கு அருகில் குழாய்கள் இணையும் ஃபிளேஞ்சிலிருந்து மெல்லிய கரும்புகைபோல ஏதோ ஒன்று எழுந்து காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படிப் போய்க்கொண்டிருந்ததோ தெரியவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கி, அந்தப் பகுதிக்கு வரும் எரிவாயுவை நிறுத்தி, தேய்ந்த கேஸ்கட்டை மாற்றி, எட்டுப் போல்ட்டுகளையும் எதிர் எதிராக முறை வைத்து முறுக்கினார்கள். மறுபடி எரிவாயுவைத் திறந்து பார்த்தபோது திரையில் குழாய் மட்டும் இருந்தது.